கடல்ல ஏது புழுதி

நொச்சிக்குப்பத்தில் வந்து செபஸ்தியான் என்று கேட்டால், எந்தச் செபஸ்தியான் என்று திருப்பிக் கேட்பார்கள். 'இன்ஜின்' செபஸ்தியான் என்றால் உடனே கை காட்டுவார்கள். காட்டின கையோடு, "இன்னா ரிப்பேரு?" என்றும் விசாரிப்பார்கள். பெரிய ரிப்பேர் என்று தெரிந்தால் குரலைத் தாழ்த்தி, "வேற ஆளப் பாரேன்" என்பார்கள். அதெல்லாம் வயிற்றெரிச்சல் என்பது செபஸ்தியானின் கருத்து.

மனுஷனுக்கு வயது அறுபது. அதில் முப்பத்தைந்து வருஷம் படகு இன்ஜினோடு குடித்தனம் நடத்தியவர். படகின் பின்னால் மாட்டுகிற இன்ஜினைக் கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் பிரித்துப் பூட்டிவிடுவார். ஒருமுறை நடுக்கடலில் செத்துப்போன இன்ஜினை வெறும் கத்தியும் ஒரு துண்டு நரம்புக் கயிறும் வைத்துக்கொண்டு உயிர்ப்பித்து, ஐந்து பேரைக் கரை சேர்த்தார். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும். அந்த இன்ஜினில் அவரை அடிக்க ஆள் கிடையாது. உலகத்தில் இருக்கிற மற்ற எல்லாமும் அதே இன்ஜின்தான் என்று மனுஷன் முடிவு கட்டினார் பாருங்கள், வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மிக்சியா, தெரியும். செல்போனா, தெரியும். பக்கத்து வீட்டில் மீன் விற்கிற கெங்கம்மாவின் டிவியை ஒருநாள் திறந்து மூடினார். அன்றிலிருந்து அதில் மலையாளச் சேனல் மட்டும்தான் வருகிறது. ஒரு வருஷம் சீரியல் பார்த்ததில் கெங்கம்மாவுக்கு இப்போது மலையாளத்தில் திட்டக்கூட வரும். சாந்தோம் கோவிலுக்கு வழி கேட்டு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு, அவர் பேசியது எந்த ஊர் பாஷை என்றே புரியாமல், கால் மணி நேரம் தமிழில் வழி சொல்லி அனுப்பினார். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நேர் எதிர்த் திசையில் நடந்தார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே மகள், ஜெனிதா. தாய் இறந்து ஒன்பது வருஷம். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு அப்பன் வீட்டில் வந்து இறங்கினாள். அழுவாள், தேற்றலாம் என்று குப்பமே காத்திருந்தது. அவளானால் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாள். பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். பெருங்குடி ஆபீசில் வேலை செய்யும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயந்தரம் திரும்பக் கொண்டுவருகிற வேலையைப் பிடித்துக்கொண்டாள். அவளோடு சேர்ந்து அதே ஆபீசுக்கு இன்னும் ஆறு வண்டிகள் ஓடுகின்றன. அந்த ஆறு டிரைவர்களும் ஆண்கள். ஆறு பேரும் எதற்கும் அவளைத்தான் கேட்பார்கள்.

காரை வாங்கின முதல் வாரமே செபஸ்தியான் அதன் ஹாரனைச் 'சரி' பண்ணினார். அதற்கப்புறம் பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு சாவு ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஜெனிதா கல்லறை வரைக்கும் பிரேக் போட்டுப் போட்டு, ஹாரன் அடித்து அடித்துப் போக வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நைனா, இன்னமேட்டு என் வண்டியத் தொட்டே, அவ்ளோதான்."

அன்றிலிருந்து கார் நந்தனத்தில் ஷெட் வைத்திருக்கும் வலியுல்லாவிடம் போகிறது. வலியுல்லா நாற்பது வயது ஆள், அதிகம் பேச மாட்டார், வேலை சுத்தம். இந்த மூன்று குணத்தையும் செபஸ்தியானால் மன்னிக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் இன்ஜின் பார்த்தவனுடைய மகள், வீட்டு வாசலில் அப்பனை உட்கார வைத்துவிட்டு நந்தனத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவதா? ராத்திரி சோறு இறங்கவில்லை அவருக்கு. 'நைனா, வண்டியக் கொஞ்சம் பாரேன்' என்று அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லிவிட வேண்டும். அதற்காக அவர் எதையும் செய்வார். செய்தும் விட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெனிதா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். கார் சாவி மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது. மாதாவிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஹவுசிங் போர்டு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி நிழலில் கார் நின்றது. பானெட்டைத் தூக்கினார்.

உள்ளே இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து கை மொத்தத்துக்கு ஒரு குழாய் இன்ஜினுக்குள் போனது. பெட்டியில் நாலு கிளிப். தட்டித் திறந்தால், உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்து, சுற்றிலும் ரப்பர் விளிம்பு கட்டிய ஒரு சட்டம். இன்ஜின் மூச்சு இழுக்கிற காற்று முழுக்க அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போகிறது. செபஸ்தியான் அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டுகிற புழுதியும், பெருங்குடிக் குப்பைமேட்டுப் புழுதியும் சேர்ந்து காகிதம் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது.

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் பிரித்த எந்தப் படகு இன்ஜினிலும் இப்படி ஒரு சமாசாரம் இருந்ததில்லை. கடலில் ஏது புழுதி? படகு இன்ஜின் வெறும் காற்றை அப்படியே இழுக்கும், ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

"மூக்குல துணிய அடைச்சுகினு எவனாவது ஓடுவானா? இத்தப் போட்டு ஊர ஏமாத்திகினு கீறாங்க," என்று காரிடமே சொன்னார். அந்தக் காகிதச் சட்டத்தை, அதாவது காற்று பில்டரை, பக்கத்துக் குட்டைச் சுவரின் மேல் வைத்தார். பெட்டியை மூடி நாலு கிளிப்பையும் மாட்டினார். இன்ஜினை ஓட விட்டார். முன்னைவிட நல்ல கனமான சத்தம். செபஸ்தியானுக்குப் புல்லரித்தது. அவர் மேலே போய்ச் சாவியை மாட்டிவிட்டு வருவதற்குள், கெங்கம்மாவின் சாம்பல் நிறப் பூனை சுவரில் ஏறி, அந்தப் பில்டரின் மேல் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டது. மெத்தென்று இருந்ததோ என்னவோ, அதற்கப்புறம் அதுதான் பூனையின் கட்டில். செபஸ்தியானும் விட்டுவிட்டார். குப்பைதானே.

இந்த இரண்டு வாரமும் ஜெனிதாவுக்குக் காரில் ஏதோ சரியில்லை என்று பட்டுக்கொண்டே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம். வலியுல்லாவிடம் சொன்னாள். "பில்டர் அடைச்சிருக்கும், இல்ல பொட்டி கிளிப்பு விட்டிருக்கும். இதுக்குப் போய் ஷெட்டுக்கு வந்து ஒரு நாள கெடுத்துக்காதே. புதுசு ஒண்ணு தர்றேன், வூட்லயே நீயே மாத்திக்கோ, நாலு கிளிப்புதான்," என்று சொல்லி அவர் புது பில்டரைக் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜெனிதா பானெட்டைத் திறந்துவைத்து, செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து கிளிப்பைக் கழற்றினாள். செபஸ்தியான் கொஞ்சம் தள்ளி ஒரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, ஒரு கையில் டீயும் ஒரு கையில் வடையுமாக, அந்தப் பக்கம் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா! இங்க வா."

அந்தக் குரலைக் கேட்டதுமே பாதி வடை தொண்டையில் நின்றது.

"இன்னாம்மா?"

"பொட்டி காலியா கீது. உள்ள பில்டரே இல்ல."

எட்டிப் பார்த்தார். பெட்டியின் அடியில் ஒரு பிடி மணல், ஒரு காய்ந்த இலை. ஓரத்தில் ஒரே ஒரு மீன் செதில் பளபளவென்று கிடந்தது. நந்தனத்துக்காரன் ஷெட்டில் மீன் செதில் வர வழியே இல்லை. செபஸ்தியான் பார்ப்பதுபோலக் குனிந்து, செதிலைக் கட்டைவிரலால் ஒற்றி எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நீ தொட்டியா?"

ஆமாம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். எனக்கும் இவ்வளவு தூரம் சொல்ல வேலை இருந்திருக்காது.

"நா ஏன்மா தொடப் போறேன்? நீதான் தொடக்கூடாதுன்ட்டியே."

மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கெங்கம்மா, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். "அந்தோணியார் மேல சத்தியம் பண்ணச் சொல்லு ஜெனி," என்றாள். அவள் கும்பிடுவது அம்மனை. ஆனால் சத்தியம் என்று வந்தால் அடுத்தவர் சாமியைத்தான் எடுத்துக் கொடுப்பாள்.

செபஸ்தியான் டீயைக் கீழே வைத்தார். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அந்தோணியாருடைய முழுநேர வேலை. அவர் பேரில் பொய்ச் சத்தியம் செய்தால், அவர் அதே இடத்தில் பில்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்துத் தொலைப்பார். அதுவோ பத்தடி தூரத்தில், பூனைக்கடியில் இருக்கிறது.

"கடல் மேல சத்தியமா நா தொடல," என்றார். கடல் பெரியது, இதையெல்லாம் கண்டுகொள்ளாது என்று ஒரு கணக்கு.

ஜெனிதா நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. "அப்போ பாய்தான். ஆறு மாசம் முன்னாடி மாத்திட்டேன்னு சொன்னாரு. பில்டரே இல்லாமதான் உட்டுகினு கீறாரு," என்றாள்.

"கழட்டி வேற வண்டிக்கு மாட்டி வுட்ருப்பான்," என்று கெங்கம்மா தீர்ப்பு வழங்கினாள்.

ஜெனிதா போன் போட்டாள். ஸ்பீக்கரில் வலியுல்லாவின் குரல் வந்தது. "இன்னாம்மா சொல்றே? நானே மாட்டினேன்மா, தேதி எழுதி மாட்டினேன். இரு, வர்றேன். ஒண்ணியும் தொடாதே."

அடுத்த அரை மணி நேரம் செபஸ்தியான் வாழ்க்கையில் மிக நீளமானது. நைசாகச் சுவர் பக்கம் நகர்ந்து, "ச்சூ, போ," என்றார். பூனை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மிச்சமிருந்த வடையை அதன் மூக்குக்கு நேராக நீட்டினார். நொச்சிக்குப்பத்துப் பூனை வடையை மதிக்குமா? முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யோவ் சேவு, இன்னா பூனைக்கு வடை ஊட்டிகினு கீறே?" கெங்கம்மா அங்கிருந்தே கத்தினாள். செபஸ்தியான் அவள் வாயில் எப்போதும் 'சேவு'தான்.

"பாவம், பசியா கீது."

"அதுவா? காலீலதான் நாலு மத்தி தின்னுச்சு."

வலியுல்லா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேராகக் காருக்குப் போனார். பெட்டியைப் பார்த்தார், குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நின்றார். அவர் கண் சுவரில் படுத்திருந்த பூனையிடம் போயிருந்தது. பூனையின் வாலுக்குக் கீழே கறுப்பு ரப்பர் விளிம்பு தெரிந்தது. அதில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவில் ஒரு தேதியும், ஜெனிதாவின் வண்டி நம்பரும். மாட்டுகிற எந்தப் பில்டரிலும் அவர் அப்படி எழுதுவது வழக்கம்.

வலியுல்லா பூனையைப் பார்த்தார். அப்புறம் செபஸ்தியானைப் பார்த்தார். செபஸ்தியான் கையில் வடையோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். முடிந்தது கதை, இந்தத் தெருவில் இனி தலை காட்ட முடியாது என்று நினைத்தார்.

வலியுல்லா ஜெனிதாவிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கோம்மா. க்ளீன் பண்ண எடுத்தேன், திரும்பப் போட மறந்துட்டேன் போல."

"மறந்துட்டீங்களா? பாய், தெனம் நாப்பது நிமிஷம் புழுதீலயே ஓட்றேன் நானு. இன்ஜினு போச்சுன்னா நா இன்னா பண்ணுவேன்? இன்னமேட்டு உங்க ஷெட்டுக்கு வர்ல. எங்கூட ஓட்ற ஆறு வண்டிக்கும் சொல்லிட்றேன், வராதீங்கன்னு."

வலியுல்லா தலையைக் குனிந்துகொண்டார். ஜெனிதா இந்தப் பக்கம் திரும்பி, சாவியை நீட்டினாள்.

"இந்தா நைனா. வண்டிய இன்னமே நீயே பாத்துக்கோ. வெளியாள நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்."

இத்தனை நாளாக ஏங்கின வார்த்தை. சாவி அவர் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. கை நீட்டி வாங்கியும் விட்டார். சந்தோஷம் வரவில்லை, சுட்டது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ள அவருக்குத் தெரியும், அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். தான் தினம் கரித்துக் கொட்டின ஒருவன், தன் மேல் இரக்கப்பட்டு, தன் பொய்யையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறானே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"டேய்!" என்று வலியுல்லாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "எனக்காவ நீ ஏன்டா பொய் சொல்றே? நா கேட்டேனா?"

விடுவிடுவென்று சுவருக்குப் போய்ப் பூனையைப் பிடரியோடு தூக்கினார். அது முழங்கையில் நாலு கோடு இழுத்துவிட்டு ஓடியது. ரத்தம் வந்த கையோடு பில்டரைக் கொண்டுவந்து பானெட் மேல் வைத்தார். பூனை முடி அப்பியிருந்தது.

"நான்தான் கழட்டினேன். இவன் மேல ஒரு தப்பும் இல்ல."

ஜெனிதா பில்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

"மீன்புடி போட்டுக்கு இதெல்லாம் கெடையாதும்மா."

"இது போட்டா?"

"கடல்ல புழுதி இல்ல. ரோட்ல…" அவர் நிறுத்தினார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெர்லம்மா."

கெங்கம்மா மீன் கூடையைத் தூக்கப் போனவள், குனிந்தபடியே நின்றாள். "இன்னா சொன்னே? சேவு, மறுக்கா சொல்லு. ஏ முத்துமாரி, ஓடியாடி! இன்ஜின் சேவு தெர்லன்னு சொல்லுதுடி!" என்று மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.

"நீ கம்னு போ," என்று செபஸ்தியான் சீறினார். ஆனால் இரண்டாம் முறை சொல்லவும் செய்தார். "தெர்ல. போதுமா?"

ஜெனிதா சிரிக்கவில்லை. வலியுல்லாவிடம், "பாய், நா பேசினது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள். வலியுல்லா, குழாய்க்குள் மணல் ரொம்ப தூரம் போகவில்லை, இரண்டு வாரம்தானே, இன்ஜின் பிழைத்தது என்றார். பெட்டியை ஈரமில்லாத துணியால் துடைக்கச் சொன்னார். ஜெனிதா துணியை எடுத்து அப்பனிடம் வீசினாள்.

"நீதான மணல உட்டே, நீயே தொடச்சி வுடு."

செபஸ்தியான் துடைத்தார். முப்பத்தைந்து வருஷக் கை. மூலை முடுக்கில் ஒரு துகள் விடவில்லை. புது பில்டரைக் கையில் எடுத்தார். திருப்பினார், மறுபடி திருப்பினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது அவருக்கு. பழைய செபஸ்தியானாக இருந்தால் ஏதோ ஒரு பக்கத்தைத் திணித்து, மூடி, அதுதான் சரி என்று சத்தியமும் பண்ணியிருப்பார்.

"பாய், எந்தப் பக்கம் மேல?"

"ரப்பரு தடிப்பா கீற பக்கம் மேல, பெரியவரே." வலியுல்லா பக்கத்தில் குனிந்தார். காதோரம் மெதுவாகச் சொன்னார். "எங்க வாப்பாவும் இப்டித்தான். ஷெட்டுல மூணு வண்டிய ஒழிச்சாரு. யாராண்ட போய்ச் சொல்றது?"

நாலு கிளிப்பும் டப் டப்பென்று விழுந்தன. இன்ஜின் ஓடியது. புஸ்ஸென்ற சத்தம் போய்விட்டது. வலியுல்லா, எப்போதும் எழுதுகிற தேதியை இதில் எழுத மறந்துவிட்டோமே என்று பெயிண்ட் பேனாவை எடுத்தார். ஜெனிதா அதை வாங்கி, பெட்டியின் கறுப்பு மூடி மேலேயே பெரிய வெள்ளை எழுத்தில் தேதியை எழுதினாள். அதற்குக் கீழே எழுதினாள்: 'நைனா, தொடாதே.'

செபஸ்தியான் எழுத்துக் கூட்டிப் படித்தார். சாவியை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கவிழ்த்த கூடையில் போய் உட்கார்ந்து, முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெனிதா அந்த நாலு கோட்டைப் பார்த்தாள். அப்புறம் பேனாவை மறுபடி திறந்து, 'தொடாதே' என்பதைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், நெருக்கி நெருக்கி, 'கேட்டுட்டு தொடு' என்று எழுதினாள். பானெட்டை மூடினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனவளை, கதவோரம் நின்று கூப்பிட்டார்.

"ஜெனி, வண்டியத் தொடட்டா?"

"இன்னா பண்ணப் போறே?"

"தெர்ல. சும்மா பாக்கணும்."

அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.